முதல் தடவை கர்லிங் ஆடப் போறீங்களா? ஐஸ்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கர்லிங்னா ஐஸ்ல கனமான கிரானைட் கல்லை வழுக்க விட்டு அந்த முனையில வரைஞ்சிருக்குற வட்டத்துக்குள்ள நிக்க வைக்கிற விளையாட்டு. கர்லிங் ஆடப் போறேன்னு யார் சொன்னாலும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், கல்லைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம், முதல்ல காலைப் பத்தி யோசிங்க. ஒலிம்பிக்ஸ் மேட்ச் பாக்குறப்போ நம்ம கண்ணு முழுக்க அந்த கல்லு மேலயே இருக்கும், அது மெதுவா வளைஞ்சு போய் இன்னொரு கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறது அவ்ளோ அழகா இருக்கும், ஆனா கல்லை அங்க கொண்டு போய் விட்டது ஆடுனவங்களோட தொடையும் இடுப்பும்தான், கைக்கு அதுல ரொம்ப சின்ன வேலை. புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேர் கையால தள்ளிப் பாத்து பேலன்ஸ் போய் கல்லும் எங்கயோ போய் நிக்குது, "நமக்கு இது வராது"ன்னு முடிவு பண்ணிடறாங்க. எல்லாருக்கும் வரும். சரியான வரிசையில கத்துக்கிட்டா முதல் நாளே ஒண்ணு ரெண்டு கல்லு ஹவுஸ்ங்கிற அந்த வட்டத்துக்குள்ள போய் உட்காரும், அந்த சந்தோஷமே தனி.

ஆட்டம் என்னன்னு சுருக்கமா

ஒரு டீமுக்கு நாலு பேர். ஆளுக்கு ரெண்டு கல்லு, ரெண்டு டீமும் மாத்தி மாத்தி விடுவாங்க, மொத்தம் பதினாறு கல்லு விட்டு முடிச்சா ஒரு எண்ட். ஆடுற தளத்துக்குப் பேரு ஷீட், கிட்டத்தட்ட 45 மீட்டர் நீளம், அகலம் 5 மீட்டருக்குள்ள. ரெண்டு முனையிலயும் வட்டத்துக்குள்ள வட்டமா வரைஞ்சிருக்கும், அதுதான் ஹவுஸ், வெளி வட்டத்தோட குறுக்களவு 3.66 மீட்டர், நடு மையம் பட்டன். இந்த முனையில இருந்து விட்டு அந்த முனை ஹவுஸ்ல பட்டனுக்குப் பக்கத்துல உங்க கல்லு நிக்கணும், அவ்ளோதான் நோக்கம்.

எண்ட் முடிஞ்சதும் ஒரு டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட். யாரோட கல்லு மையத்துக்கு கிட்ட இருக்கோ அவங்களுக்கு ஒரு பாயிண்ட், எதிர் டீமோட கிட்ட இருக்குற கல்லை விட உள்ள அவங்களுக்கு இன்னும் எத்தனை கல்லு இருக்கோ ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயிண்ட் சேரும். உதாரணமா மையத்துல இருந்து பாத்தா மஞ்சள், மஞ்சள், சிவப்பு, மஞ்சள்னு வரிசையா இருந்தா மஞ்சளுக்கு ரெண்டு, சிவப்புக்கு ஒண்ணும் இல்ல, சிவப்புக்கு வெளிய இருக்குற மூணாவது மஞ்சளும் கணக்குல வராது. வெளி வட்டத்தோட விளிம்பை கொஞ்சமா தொட்டுட்டு நின்னா கூட அந்த கல்லு ஹவுஸ்ல இருக்குறதா தான் கணக்கு. ஒலிம்பிக்ஸ்ல 10 எண்ட் ஆடுவாங்க, கிளப் மேட்ச் பெரும்பாலும் 8 எண்ட், அதுவே ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகிடும், புதுசா வர்றவங்களுக்கு நாலு எண்ட் வச்சாலே தாராளம்.

இந்த அளவுக்கு தெரிஞ்சா முதல் நாளுக்குப் போதும். ரூல் புக்கை முழுசா படிச்சுட்டுப் போகணும்னு இல்ல.

எங்க, எப்படி சேர்றது

தனியா போய் கத்துக்கிற விளையாட்டு இல்ல இது. ஷீட், கல்லு, கால்ல போட்டு வழுக்குற ஸ்லைடர், ஐஸைத் தேய்க்கிற பிரஷ் எல்லாமே கிளப் கிட்டதான் இருக்கும், கர்லிங் கிளப்ங்க அனேகமா எல்லாமே புது ஆளுங்களுக்குன்னு அறிமுக செஷன் வைப்பாங்க, கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்துட்டு கடைசில ஒண்ணு ரெண்டு எண்ட் ஆடவும் விடுவாங்க. அதுல சேர்றதுதான் நல்ல வழி.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோங்க, அது கர்லிங்குக்குன்னே இருக்குற ஐஸா இல்ல ஸ்கேட்டிங் பண்ற ஐஸா. ஸ்கேட்டிங் ரிங்க்ல ஸ்கேட் பிளேடு போட்ட கோடு இருக்கும், தளமும் ஒரே மட்டமா இருக்காது, அதனால கல்லு ஒரு பக்கமா ஓடிடும், நீங்க சரியா விட்டாலும் தப்பா விட்ட மாதிரி தெரியும். அங்கயும் கத்துக்கலாம், நிறைய பேர் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுன்னா கர்லிங் ஐஸுக்கே போங்க.

கர்லிங் ஐஸ்ல என்ன ஸ்பெஷல்னா அது வழவழன்னு இருக்காது. ஐஸ் போட்டு முடிச்ச அப்புறம் முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு ஒருத்தர் பின்பக்கமாவே நடந்து போய் தண்ணியை துளித்துளியா தெளிச்சு விடுவார், அது விழுந்த இடத்துலயே உறைஞ்சு பொடிப்பொடியா புடைச்சுக்கிட்டு நிக்கும், பெப்பிள்னு சொல்வாங்க. கல்லோட அடிப்பக்கம் உள்வாங்கி இருக்கும், சில மில்லிமீட்டர் அகலத்துல ஒரு வளையம் மட்டும்தான் கீழ தொடும், அந்த வளையம் இந்த பெப்பிள் மேல ஏறித்தான் ஓடும். பெப்பிள் இல்லாத ஐஸ்ல அதே கல்லை விட்டா பாதி தூரம் கூட போகாது. இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஐஸ்ல உள்ளங்கையை ஊனுறது, முழங்காலை வச்சு உட்கார்றது இதெல்லாம் செய்யவே கூடாது, நம்ம உடம்பு சூட்டுல அந்த இடத்துல பெப்பிள் உருகிப் போய் ஒரு வழுக்கைத் திட்டு ஆகிடும், அடுத்து அந்த வழியா வர்ற எல்லார் கல்லும் அதுல மாட்டும். கர்லிங் ஆளுங்க அவ்ளோ சீக்கிரம் கோவப்பட மாட்டாங்க, ஆனா இந்த ஒரு விஷயத்துக்கு கண்டிப்பா சொல்லுவாங்க.

என்ன போட்டுட்டுப் போகணும்

பேண்ட் நல்லா இழுபடுற துணியா இருக்கணும், இதுதான் முதல் தேவை. ஜீன்ஸ் வேண்டாம், கீழ உட்கார்ந்து ஒரு காலை முழுசா பின்னாடி நீட்டணும், ஜீன்ஸ்ல அது நடக்காது. மேல ஒரே தடிமனான ஜாக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு மூணு மெல்லிசு லேயரா போடுங்க, உள்ள குளிரா இருக்கும் ஆனா ஸ்வீப் பண்ண, அதாவது ஓடுற கல்லுக்கு முன்னாடி பிரஷால ஐஸைத் தேய்க்க, ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் வேர்க்கும், கழட்டி வைக்க வசதியா இருக்கணும். மெல்லிசான கிளவுஸ் இருந்தா நல்லது.

ஷூ அடிப்பாகம் தட்டையா, ரப்பரா, சுத்தமா இருக்கணும். ரோட்ல நடந்த ஷூவோட ஐஸ்ல ஏறாதீங்க, ஒரு சின்ன மணல் துகள் கல்லுக்கு அடியில மாட்டுனா போதும் கல்லு சடார்னு திசை மாறிடும், அதனால வேற ஒரு ஜோடியை பையில கொண்டு போய் அங்க மாத்திக்கோங்க. முடி நீளமா இருந்தா கட்டிக்கோங்க, பாக்கெட்ல சாவி சில்லறை எதுவும் வேண்டாம், உதிர்ற மாதிரி கம்பளி நூல் உள்ள கிளவுஸும் வேண்டாம். ஒரே ஒரு முடி ஐஸ்ல கிடந்தாலும் கல்லு மாறிப் போகும், நம்பவே மாட்டீங்க ஆனா நிஜம்.

ஹெல்மெட் வேணுமான்னு கேக்குறவங்களுக்கு, வேணும். கிளப்ல குடுத்தா கூச்சப்படாம வாங்கிப் போடுங்க. கர்லிங்ல பெரிய அடி படுறதுன்னா அது பின்பக்கமா விழுந்து தலை மோதுறதுதான், சைக்கிள் ஹெல்மெட் இருந்தா அதையாவது எடுத்துட்டுப் போங்க.

ஐஸ்ல ஏறுறது

ரெண்டு சாமான் பேரு தெரிஞ்சுக்கோங்க. கிரிப்பர்னா ரப்பர், வழுக்காது. ஸ்லைடர்னா டெஃப்லான் மாதிரி வழுக்குற தகடு, பயங்கரமா வழுக்கும். வலது கையால விடுறவங்களுக்கு ஸ்லைடர் இடது கால்ல வரும், இடது கைக்காரங்களுக்கு அப்படியே உல்டா. கல்லு விடுற நேரம் தவிர மத்த எல்லா நேரமும் ரெண்டு கால்லயும் கிரிப்பர் இருக்கணும், புது ஆளுங்களுக்கு இதுல விதிவிலக்கே கிடையாது. கிளப்ல எலாஸ்டிக் வச்ச ஸ்லைடர் இல்லன்னா சும்மா கால் வைக்கிற தகடு குடுப்பாங்க, விட்டு முடிச்ச உடனே அதை எடுத்துட்டுத்தான் எந்திரிச்சு நடக்கணும்.

ஏறுறப்போ ஸ்லைடர் வராத காலை முதல்ல வைங்க. நடக்குறப்போ குதிகால் முதல்ல ஊனுற பழக்கத்தை விட்டுட்டு பாதம் முழுசும் ஒரே நேரத்துல படுற மாதிரி சின்னச் சின்ன ஸ்டெப்பா நடங்க, முழங்கால் லேசா மடங்கி இருக்கட்டும், பிரஷை ஊன்றுகோல் மாதிரி கூடவே வச்சுக்கோங்க. பேலன்ஸ் போற மாதிரி இருந்தா கீழ குனிஞ்சு உட்காரப் பாருங்க, பின்னாடி மட்டும் சாயாதீங்க. அப்புறம், பின்பக்கமா நடக்காதீங்க, உங்க பின்னாடி கல்லு கிடக்கும் இல்ல பக்கத்து ஷீட்ல இருந்து ஒண்ணு ஓடி வந்துட்டு இருக்கும்.

கல்லு விஷயத்துல ரெண்டே ரெண்டு சட்டம். தூக்காதீங்க. ஒரு கல்லோட எடை 17.24 கிலோவுல இருந்து 19.96 கிலோ வரைக்கும் இருக்கலாம், ஐஸ்ல நின்னுக்கிட்டு அதைத் தூக்குனா முதுகும் போகும் கீழ விழுந்தா ஐஸும் உடையும், நகத்தணும்னா தள்ளிக்கிட்டே போங்க. ரெண்டாவது, ஓடி வர்ற கல்லை கையால பிடிக்காதீங்க, பிரஷாலயோ கிரிப்பர் போட்ட பாதத்தாலயோ நிறுத்துங்க. ரெண்டு கல்லுக்கு நடுவுல விரல் மாட்டுனா என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியது இல்ல.

டெலிவரி, அதாவது கல்லை விடுறது, இதுதான் முக்கியமான பகுதி

ஷீட்டோட கோடியில ரெண்டு ரப்பர் பிடிமானம் ஐஸ்ல பதிச்சிருக்கும், அதுதான் ஹேக். வலது கைக்காரங்க இடது பக்கம் இருக்குற ஹேக்ல வலது காலோட முன்பாதத்தை வைக்கணும், குதிகால் தூக்கியே இருக்கும். ஸ்லைடர் போட்ட இடது கால் பக்கத்துல, ஹேக் காலை விட கொஞ்சம் முன்னாடி, முழுப் பாதமும் தட்டையா ஐஸ்ல படிஞ்சிருக்கணும். அப்படியே குந்தி உட்காருங்க, கல்லு வலது கைக்கு நேரா முன்னாடி. இடது கைல பிரஷ், அதோட கைப்பிடி உங்க முதுகுப் பக்கம் போய் தலைப்பகுதி பக்கவாட்டுல ஐஸைத் தொட்டுட்டு இருக்கும், அது பேலன்ஸுக்கு. நிறைய கிளப்ல முதல் நாளைக்கு பிரஷுக்குப் பதிலா ஸ்டெபிலைசர்னு ஒரு தாங்கி குடுப்பாங்க, குடுத்தா அதையே எடுங்க, பிரஷை விட அது ரொம்ப ஈஸி.

இப்போ அந்த முனையில ஸ்கிப், அதாவது உங்க டீம் கேப்டன், பிரஷை ஐஸ்ல ஊனி காட்டுவாங்க. உங்க ரெண்டு தோளும், இடுப்பும், ஹேக் காலோட முழங்காலும் அந்த பிரஷைப் பாத்து நேரா இருக்கணும். இந்த இடத்துல அவசரப்படாம ஒரு மூச்சு இழுத்து விட்டு சரி பாத்துக்கோங்க, இங்க உடம்பு கொஞ்சம் கோணலா இருந்தா 40 மீட்டர் தாண்டி அது பெரிய கோணல் ஆகிடும், வழியில கையால சரி பண்ணவும் முடியாது.

அப்புறம் இடுப்பை கொஞ்சம் மேல தூக்குங்க, கல்லை லேசா பின்னாடி இழுங்க, ஸ்லைடர் காலும் அது கூடவே பின்னாடி வரும். இப்போ முன்னாடி போறப்போ வரிசை ரொம்ப முக்கியம், முதல்ல கல்லு நகரணும், அது பின்னாடி ஸ்லைடர் கால், அதுக்கப்புறம்தான் ஹேக் காலால உதை. கல்லு, கால், உதை. இதை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே செய்ங்க. காலு முந்திப் போச்சுன்னா கல்லு இடிக்கும், உதை முந்திப் போச்சுன்னா மூஞ்சி முன்னாடி விழும்.

உதைச்ச உடனே ஸ்லைடர் பாதம் உங்க நெஞ்சுக்கு நேர் கீழ வந்து உட்காரணும், உடம்போட மொத்த எடையும் அந்த ஒரு பாதத்து மேலதான் இருக்கணும். உதைச்ச கால் தளர்வா பின்னாடி நீண்டு, ஷூவோட மேல்பக்கம் ஐஸ்ல உரசிக்கிட்டே வரும். நிறைய பேர் பயத்துல கல்லு மேலயே சாய்ஞ்சு படுத்துக்கிட்டு போவாங்க, அது அப்போதைக்கு பத்திரமா தோணும், ஆனா கல்லை விட்ட அடுத்த செகண்டே தரையில கிடப்பாங்க. கல்லைப் பிடிச்ச கை எப்பவும் லேசா இருக்கணும்.

இது வரணும்னா கல்லே இல்லாம பழகுங்க. ஸ்டெபிலைசரையோ பிரஷையோ வச்சுக்கிட்டு வெறுமனே உதைச்சு வழுக்கிப் போங்க, திரும்பி வாங்க, மறுபடி போங்க. பாக்குறதுக்கு போரா தெரியும், சொல்லிக் குடுக்குறவங்க "போதும் கல்லை எடுங்க"ன்னு சொன்னாலும் இன்னும் ரெண்டு தடவை சும்மா வழுக்கிட்டு வாங்க. அந்த நிலையிலயே ஆடாம கோணாம அஞ்சாறு மீட்டர் போக முடிஞ்சா மீதி எல்லாம் தானா வரும்.

விடுறதும் திருப்புறதும்

கைப்பிடியை உள்ளங்கையால இறுக்கிப் பிடிக்காதீங்க, விரலால பிடிங்க. கடிகார முள்ளு கணக்குல கைப்பிடியை பத்து மணிப் பக்கம் திருப்பி வச்சுட்டு விடுறப்போ பன்னெண்டுக்கு கொண்டு வந்து கையைக் குலுக்குற மாதிரி நீட்டி விட்டீங்கன்னா கல்லு கடிகாரச் சுத்துல சுத்தும், உங்களுக்கு வலது பக்கமா வளையும். ரெண்டு மணில இருந்து பன்னெண்டுக்கு கொண்டு வந்தா எதிர்ச்சுத்து, இடது பக்கமா வளையும். வழவழப்பான தளத்துல சுத்திக்கிட்டே வழுக்கிப் போற மத்த பொருள் எல்லாம் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் வளையும், கர்லிங் கல்லு மட்டும் ஏன் இப்படின்னு இயற்பியல் ஆளுங்க இன்னும் ஒரே முடிவுக்கு வரல, பெப்பிள் மேல கல்லு போடுற நுண்ணிய கீறல்தான் காரணம்னு ஒரு தரப்பு சொல்றாங்க. எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

அந்த முனை போய்ச் சேர்றதுக்குள்ள கல்லு மொத்தமே ரெண்டு மூணு சுத்து சுத்துனா போதும். சுத்தே இல்லாம விட்டா நடுவழியில தன் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமாவது திரும்பும், பம்பரமா சுத்தி விட்டா வளையாம நேரா போயிடும்.

ஹேக்ல இருந்து கொஞ்ச தூரத்துல, ஹவுஸைத் தாண்டி ஒரு தடிமனான கோடு வரும், ஹாக் லைன். அதுக்கு முன்னாடியே கல்லை விட்டுடணும், தாண்டி விட்டா அந்த கல்லு செல்லாது. அதே மாதிரி அந்த முனையில இருக்குற ஹாக் லைனை கல்லு முழுசா தாண்டலன்னா அதையும் எடுத்துடுவாங்க, ஆட்டத்துல இருக்குற வேற கல்லு மேல பட்டு நின்னிருந்தா மட்டும் விட்டுடுவாங்க. பக்கக் கோட்டைத் தொட்டாலும், ஹவுஸுக்குப் பின்னாடி இருக்குற கோட்டை முழுசா தாண்டினாலும் அவுட்.

இப்போ கடைசி நொடில ஒரு ஆசை வரும், வேகம் பத்தலையோன்னு தோணும், கையால ஒரு தள்ளு தள்ளிடலாம்னு. கேரம்ல ஸ்ட்ரைக்கரை சுண்டுற மாதிரி விரல் தன்னால முன்னாடி போகப் பாக்கும். செய்யாதீங்க. அந்தத் தள்ளு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவுல இருக்கும், திசையையும் மாத்திடும், உங்களுக்கு எதனால கல்லு அங்க போச்சுன்னே புரியாது. வேகம் மொத்தமும் உதையில இருந்துதான் வரணும். கல்லு பாதி தூரத்துலயே நின்னுடுச்சுன்னா பரவாயில்ல, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பலமா உதைங்க, கையை அப்படியே விட்டுடுங்க. நல்ல போட்டி ஐஸ்ல ஹவுஸ்ல போய் நிக்கிற கல்லு ஒரு ஹாக் லைன்ல இருந்து அடுத்த ஹாக் லைனுக்கு, அதாவது 22 மீட்டர் தூரத்துக்கு, 14 செகண்ட் கிட்ட எடுத்துக்கும், அவ்ளோ மெதுவாத்தான் போகும். முதல் நாள்ல அடிச்சுத் தூக்குற ஷாட் எல்லாம் வேண்டாம், ஹவுஸ்ல போய் நிக்கிற டிராவை மட்டும் பழகுங்க, அது வந்துட்டா வேகமா விடுறது சுலபம்.

ஸ்வீப்பிங்

ஐஸைத் தேய்க்கிறது சும்மா ஷோவுக்குன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. நீங்க அழுத்தித் தேய்க்கிறப்போ அந்த இடம் ஒரு நொடிக்கு லேசா சூடாகி உராய்வு குறையும், கல்லு இன்னும் தூரம் போகும், வளையிறதும் குறையும். நல்லா ஸ்வீப் பண்ற ரெண்டு பேர் சேர்ந்தா சாகப் போற கல்லை சில மீட்டர் கூடுதலா இழுத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு எண்ட்ல நீங்க விடப் போறது ரெண்டே கல்லு, ஆனா தேய்க்க வேண்டிய கல்லு ஆறு, அதனால டெலிவரி வரலன்னு வருத்தப்படுறவங்க கூட ஸ்வீப்பிங்ல டீமுக்கு நிஜமாவே உதவ முடியும், அதுவும் முதல் நாள்லயே.

ஒரு கை மேல, ஒரு கை பிரஷ் தலையில இருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல. உடம்பை பிரஷ் தலைக்கு மேல கொண்டு வந்து எடையை அதுல இறக்குங்க, வெறும் கைவேகத்தால ஐஸ் சூடாகாது, அழுத்தம் வேணும். கல்லுக்கு நேர் முன்னாடி குட்டிக் குட்டியா வேகமா தேய்ங்க. பக்கவாட்டுல நடந்துக்கிட்டே செய்யணும், கால் பின்னிக்காம பாத்துக்கோங்க, வேகமா போற கல்லு கூட ஓட முடியலன்னா விட்டுடுங்க. பிரஷோ காலோ ஓடுற கல்லு மேல பட்டுடுச்சுன்னா அதை நீங்களே உடனே சொல்லிடணும், யாரும் பாக்கலன்னாலும்.

எப்போ தேய்க்கணும்னு யார் சொல்றது? கல்லு போற வேகத்தை பக்கத்துல இருக்குற ஸ்வீப்பருங்கதான் கணிக்கணும், போற கோட்டை எதிர்ல நிக்கிற ஸ்கிப் பாப்பாங்க. "ஹர்ரி", "ஹார்ட்"னு கத்துனா உயிரைக் குடுத்து தேய்க்கணும், "வோ"ன்னா உடனே நிறுத்தணும், "கிளீன்"னா தூசி போக லேசா தேய்ச்சா போதும். பட்டன் வழியா குறுக்க போற கோடு டீ லைன், அதைத் தாண்டிப் போற கல்லை எதிர் டீம் ஸ்கிப்பும் தேய்க்கலாம், அந்த இடத்தை ஸ்கிப்புங்க கிட்ட விட்டுட்டு நீங்க ஒதுங்கிக்கோங்க.

முதல் மேட்ச்

விடுற வரிசை லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப். தேர்டை வைஸ்னும் சொல்வாங்க, ஸ்கிப் விடப் போறப்போ அவங்க அந்த முனைக்குப் போய் பிரஷ் பிடிப்பாங்க. ஸ்கிப் பிரஷை ஐஸ்ல ஒரு இடத்துல தட்டிக் காட்டுனா கல்லு அங்க நிக்கணும்னு அர்த்தம், எதிர் டீம் கல்லைத் தட்டுனா அதை அடிக்கணும், கையை ஒரு பக்கமா நீட்டுனா எந்தச் சுத்துன்னு சொல்றாங்க. அப்புறம் பிரஷை வேற இடத்துல ஊனுவாங்க, நீங்க குறி வைக்க வேண்டியது அந்த பிரஷைத்தான். கல்லு நிக்க வேண்டிய இடத்தைப் பாத்து விட்டீங்கன்னா அது வளைஞ்சு தாண்டிப் போயிடும், நல்ல ஐஸ்ல ஒரு மீட்டருக்கு மேலயே வளையும்.

கடைசி கல்லு விடுற உரிமைக்கு ஹேமர்னு பேரு, அது பெரிய பலம். ஒரு எண்ட்ல பாயிண்ட் எடுத்தா அடுத்த எண்ட்ல ஹேமர் எதிர் டீமுக்குப் போயிடும், யாரும் எடுக்கலன்னா வச்சிருந்தவங்க கிட்டயே இருக்கும். அதனாலதான் பெரிய டீமுங்க ஹேமர் கைல இருக்குறப்போ ஒரே ஒரு பாயிண்ட் எடுக்குறதுக்கு பதிலா கடைசி கல்லால எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வெறும் எண்டா விட்டுடறாங்க, ரெண்டு பாயிண்ட் எடுக்க அடுத்த எண்ட்ல முயற்சி பண்ணலாம்னு. இதோட கூட முதல் அஞ்சு கல்லு விட்டு முடியிற வரைக்கும் ஹவுஸுக்கு முன்னாடி காவலுக்கு நிக்கிற எதிராளி கல்லை ஆட்டத்தை விட்டே வெளிய தள்ளக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு, அதை ஸ்கிப் பாத்துப்பாங்க.

நடந்துக்கிற விதம்

மேட்ச் தொடங்குறப்போவும் முடியிறப்போவும் எதிர் டீம் எல்லார் கிட்டயும் கை குலுக்கி "குட் கர்லிங்"னு சொல்லணும். எதிர் டீம் விடுறப்போ ரெண்டு ஹாக் லைனுக்கும் நடுவுல ஓரமா அசையாம நில்லுங்க, ஹவுஸுக்குப் பின்னாடி ஸ்கிப்பும் வைஸும் மட்டும்தான் நிக்கலாம். அவங்க தப்பா விட்டா கை தட்டாதீங்க, நல்லா விட்டா தாராளமா பாராட்டுங்க. கிளப் மேட்ச்ல நடுவரே இருக்க மாட்டாங்க, எண்ட் முடிஞ்சதும் ரெண்டு டீம் வைஸும் பாத்து ஸ்கோரை ஒத்துக்கிட்ட பிறகுதான் மத்தவங்க கல்லைத் தொடணும். ஜெயிக்க வழியே இல்லன்னு தெரிஞ்சா கடைசி எண்ட் வரைக்கும் இழுக்காம கை குடுத்து முடிச்சுக்கிறதும் மரியாதையான விஷயம்தான் இங்க. முடிஞ்சதும் ரெண்டு டீமும் ஒரே டேபிள்ல உட்கார்ந்து பேசுறது வழக்கம், ஜெயிச்ச டீம் தோத்த டீமுக்கு குடிக்க வாங்கிக் குடுப்பாங்க. உடனே கிளம்பிடாதீங்க, ஐஸ்ல புரியாதது எல்லாம் அந்த டேபிள்லதான் புரியும், எதிர் டீம் ஸ்கிப்பே உங்க டெலிவரியில என்ன சரி பண்ணணும்னு அக்கறையா சொல்லுவாங்க.

குந்தி உட்கார முடியாதவங்களுக்கு

முழங்கால், இடுப்பு பிரச்சினை இருக்குறவங்க விலகிப் போக வேண்டாம். டெலிவரி ஸ்டிக்னு ஒரு நீளக் குச்சி இருக்கு, அதைக் கைப்பிடில மாட்டி நின்னுக்கிட்டே நடந்து போய் கல்லை விடலாம், வயசானவங்க நிறைய பேர் அப்படித்தான் ஆடுறாங்க. வீல்சேர் கர்லிங் 2006 டுரின்ல இருந்து பாராலிம்பிக்ஸ்லயே இருக்கு, அதுல ஸ்வீப்பிங்கே கிடையாது, அதனால விடுற அளவு அவ்ளோ துல்லியமா இருக்கணும். ரெண்டே பேர் ஆடுற மிக்ஸ்டு டபுள்ஸும் உண்டு, 2018 பியோங்சாங்ல ஒலிம்பிக்ஸ்ல சேர்ந்துச்சு, ஆனா நீங்க விட்ட கல்லை நீங்களே எந்திரிச்சு ஓடித் தேய்க்க வேண்டி வரும்ங்கிறதால முதல் நாளுக்கு அது வேண்டாம்.

மறுநாள் தொடை உள்பக்கமும் பின்பக்கமும் நல்லா வலிக்கும், ஆடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒரு காலை முன்னாடி வச்சு முழங்காலை மடக்கி இறங்குற பயிற்சி பண்ணி காலை நீட்டி மடக்கிக்கிட்டா கொஞ்சம் குறையலாம்.

அடுத்து என்ன

பிடிச்சுப் போச்சுன்னா உடனே எதையும் வாங்காதீங்க. கல்லு யாரும் சொந்தமா வாங்குறது இல்ல, அது கிளப்போடது, ஸ்காட்லாந்து பக்கத்துல இருக்குற ஐல்சா கிரெய்க்ங்கிற சின்னத் தீவுலயும் வேல்ஸ்ல இருக்குற ட்ரெஃபோர்லயும் எடுக்குற கிரானைட்ல செய்றது, தண்ணி உறிஞ்சாத வகைங்கிறதால ஐஸ்லயே கிடந்தாலும் வெடிப்பு விடாம பல வருஷம் உழைக்கும். பிரஷும் கிளப்லயே கிடைக்கும். ஒரு சீசன் ஆடுவோம்னு உறுதியா தெரிஞ்ச அப்புறம் முதல்ல வாங்க வேண்டியது ஸ்லைடர் வச்ச கர்லிங் ஷூ, வாங்குறப்போ வலது கையா இடது கையான்னு மறக்காம சொல்லுங்க, கூடவே அந்த ஸ்லைடரை மூடுற கிரிப்பரும் ஒண்ணு வாங்கிடுங்க.

கிளப் லீக்ல சேர்றதுக்கு நாலு பேர் டீம் கைல இருக்கணும்னு இல்ல, தனியா பேர் குடுத்தா ஆள் குறையிற டீம்ல சேர்த்து விடுற கிளப்புங்க நிறைய இருக்கு. எந்த இடத்துல ஆடுறேன்னு கேட்டா லீட்னு சொல்லுங்க. முதல் ரெண்டு கல்லு உங்களோடது, ஷீட்ல அப்போ கல்லு அவ்வளவா இருக்காது, குழப்பம் இல்லாம டிராவும், ஹவுஸுக்கு முன்னாடி காவலுக்கு நிக்கிற கார்டும் மட்டும் விடுவீங்க, அதுக்கப்புறம் மீதி ஆறு கல்லையும் தேய்ச்சுக்கிட்டே பக்கத்துலயே நடந்து போறதால எந்த உதைக்கு எவ்ளோ தூரம், எந்த இடத்துல ஐஸ் எவ்ளோ வளைக்குதுங்கிறதை மத்த யாரை விடவும் சீக்கிரமா கத்துப்பீங்க.